முன்னால் போகிறவனின் கை

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது என் வலது கால் மட்டும் என்னோடு ஒத்துப்போகவில்லை. ஜங்ஷனில் டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ, எதில் உட்கார்ந்தாலும் முன்னால் போகிற வண்டி கொஞ்சம் மெதுவானால் போதும், அந்தக் கால் தானாகத் தரையைப் போட்டு அமுக்கும், இல்லாத பிரேக்கைத் தேடி. ஈரடுக்குப் பாலத்தில் ஆட்டோ போய்க்கொண்டிருக்கும்போது என் மனைவி பார்வதி என் முட்டியில் கையை வைத்து, "ஏங்க, இங்க வந்துமா வண்டி ஓட்டுதீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்ய? அந்தக் கால் ஏன் அப்படி அமுக்குகிறது என்று அவளிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

நான் கனடாவில் லாரி ஓட்டுகிறவன். அங்கே அதை டிரக் என்பார்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளை லாரி ஓட்டப் போனது அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெரிய தலைக்குனிவாக இருந்தது. அதே லாரியைக் கனடாவில் ஓட்டினால் கௌரவமாம், கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலியாம். நல்ல கூத்து! அது கிடக்கட்டும். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு என் பெயரில் ஒரு புது வண்டி எடுக்கிறதாக ஏற்பாடு. சரக்குக் கொடுக்கிற யார்டு முதலாளி ஸ்டீவ் வழியாகத்தான் வண்டி வருகிறது. சீட்டு, ஹீட்டர், படுக்கை, இன்னும் என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். ஒன்றே ஒன்றை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல்.

சாதாரண குரூஸ் கண்ட்ரோல் என்றால், காலை எடுத்துவிட்டாலும் வண்டி ஒரே வேகத்தில் போகும். இது அதற்கு ஒரு படி மேலே. பம்பரில் ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே ரேடார். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்று அது அளந்துகொண்டே வரும். நெருங்கினால் கத்தும், தானே வேகத்தைக் குறைக்கும். ஆனால் பிரேக்கை மிதிக்காது, அது நம் பாடு. புத்தம் புதுசாக வந்திருக்கிற சாமான், விலையோ கண்ணைக் கட்டும். அந்தக் காசுக்குப் பாளையங்கோட்டையில் நான் கட்டின வீட்டில் மாடியில் ஒரு அறை எழுப்பிவிடலாம். ஊருக்கு வந்த மூன்றாம் நாள், பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஸ்டீவின் ஃபேக்ஸ் வந்தது. சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். கீழே ஒரு வரி: 'நம் டிரைவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. உனக்கு எதற்கு? ஏதாவது பிரச்சினையா?'

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிரச்சினை இருந்தது. போன பனிக்காலத்தின் கடைசியில், வடக்கு ஒன்டாரியோவில், தரையில் கிடந்த பனியைக் காற்று வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். சாலையே தெரியவில்லை. முன்னால் ஒரு டிரக்கின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டேன். அவன் போகிற இடம்தான் சாலை, அவனுக்குக் கண் தெரிகிறது, எனக்கென்ன என்று ஒரு மணி நேரம் அவன் பின்னாலேயே போனேன். திடீரென்று அந்த விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவன் நின்றுவிட்டிருந்தான், அவனுக்கும் ஒன்றும் தெரியாததால். மிதித்தேன். பின்னால் டிரெய்லர் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் வருவது கண்ணாடியில் தெரிந்தது. பார்வதியின் முகமோ பிள்ளைகளின் முகமோ வரவில்லை. 'போச்சு' என்ற ஒரு சொல்தான் வந்தது. வண்டி நின்றபோது என் பம்பருக்கும் அவன் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது. அவனுக்கு இது எதுவும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மெல்லக் கிளம்பிப் போய்விட்டான். என் கால் அன்றைக்குத்தான் இப்படித் தரையைத் தேட ஆரம்பித்தது.

இதை ஸ்டீவுக்கு எழுதினால், 'பயந்தவனுக்கு எதற்குப் புது வண்டி' என்று கேட்பாரே. பெட்டி வேண்டும் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் பிழைப்பு போய்விடும். பெட்டி வேண்டாம் என்றாலோ, அடுத்த பனிக்காலத்தில் நான் அந்த சீட்டில் ஏறுவேனா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. மேலப்பாளையத்தில் காதர் இருந்தான். நானும் அவனும் எட்டு வருஷம் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். எனக்குக் கனடா விசா வந்தபோது என்னைவிட அதிகமாக அழுதவன் அவன்தான். அவன் இன்னும் அதே முதலாளி அண்ணாச்சியின் லாரியில்தான் இருந்தான். அன்று சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு பாபநாசம் கிளம்பிக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"ஏலே, கனடாக்காரா! ஏறுலே வண்டில. கிளீனருக்கு இன்னைக்கு லீவு குடுத்துட்டேன். நீ வந்த பொறவு அவன் எதுக்கு?"

ஏறினேன். கிளீனரின் சீட்டில் உட்கார்ந்ததும் கால் பழையபடி தரையைத் தேட ஆரம்பித்தது. முன்னீர்பள்ளம் தாண்டுவதற்குள் பெட்டியின் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். பனியில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

"புழுதி அடிச்சா அது என்ன செய்யும்?" என்றான் காதர். நல்ல டிரைவர் கேட்க வேண்டிய கேள்வி.

"புழுதியோ பனியோ அப்பிக்கிட்டா அதுக்கும் கண்ணு தெரியாது. ஒரு மஞ்ச வெளக்குப் போட்டுரும். எனக்குத் தெரியல, நீயே பாத்துக்கன்னு அர்த்தம்."

"வெளக்குப் போட்டுச் சொல்லிருமா?"

"சொல்லிரும்."

காதர் கியரை மாற்றினான். பிறகு சிரித்தான். "சவத்த விடு. அதுக்குக் கை உண்டாலே? கை காட்டுமா?"

கை காட்டுவது என்றால் என்ன என்று லாரி ஓட்டாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் ரோட்டில் முன்னால் போகிற லாரி எதிரே வருவதை மறைத்துக்கொண்டு போகும். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பான். முன்னால் போகிறவன் எதிரே பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றால் வலது கையை வெளியே நீட்டி, வா, போ என்று வீசுவான். அந்தக் கையை நம்பி நாம் ஏறிப் போவோம். அவன் யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. அந்தக் கைகளை நம்பித்தான் நான் எட்டு வருஷம் உயிரோடு இருந்தேன். கனடாவில் போன புதிதில், ஒற்றைச் சாலையில் ஒரு டிரக்கின் பின்னால் அரை மணி நேரம் ஹார்ன் அடித்துக்கொண்டு அவன் கைக்காகக் காத்திருந்தேன். கை வரவே இல்லை. சரி, நாமாவது காட்டுவோம் என்று, பின்னால் வந்த ஒருவனுக்குக் கண்ணாடியை இறக்கி, அந்தக் குளிரில் கையை வீசினேன். அடுத்த நிறுத்தத்தில் அந்த ஆள், தாடி முழுக்கப் பனியோடு, என் கதவைத் தட்டினான். "நன்றி நண்பா. என் வண்டியின் பதினெட்டு சக்கரத்தையும் பார்த்துவிட்டேன். எதுவும் கழன்று தொங்கவில்லையே, எதற்குக் கை காட்டினாய்?" நான் "போ, போ" என்று மறுபடி கையை வீசிக் காட்டினேன். அவன் முகத்தைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டான். விரட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டிருப்பான், பாவம்.

பத்தமடை தாண்டியதும் காதர், "அந்தா வாரது பஸ்ஸா லாரியாலே?" என்று கேட்டான். என்னைச் சோதிக்கிறான் என்று நினைத்தேன். "பஸ்," என்றேன். கொஞ்ச தூரத்தில், "அது மாடா ஆளா?" என்றான். மாடு. சேரன்மகாதேவியில் முன்னால் போன வைக்கோல் லாரியிலிருந்து கை வந்தது. காதர் ஒரு நொடிகூட யோசிக்காமல் வலதுபுறம் எடுத்து ஏறினான். என் கால் தரையை ஓட்டை போடுகிற மாதிரி அமுக்கியது. ஒன்றும் ஆகவில்லை.

வீரவநல்லூருக்கு முன்னால், கன்னடியன் கால்வாய் ரோட்டோடு ஒட்டி வருகிற இடம். சாரல் காற்று. பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹார்ன் அடித்தது. என் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு பிள்ளை. காதர் வலது கையை வெளியே விட்டு, வா, போ என்று வீசினான்.

நான் முன்னால் பார்த்தேன். மருத மரங்களுக்கு அடியில், வளைவில், ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"கைய எடுலே! பஸ்சு! பஸ்சு!"

"எங்கனலே?" என்றான் காதர். அவன் பஸ்ஸை நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

நான் அவன் மேல் விழுந்து ஹார்னை அமுக்கினேன். எடுக்கவே இல்லை. பஸ்காரன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான். ஸ்கூட்டர் காதரின் கதவு வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அந்தப் பெண்ணின் முந்தானை ஜன்னலுக்குக் கீழே பறந்தது. பிரேக் சத்தம். பஸ் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது. ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, பின்வாங்கியிருந்த ஸ்கூட்டர் மறுபடியும் வந்தது. எங்களை முந்திப் போகும்போது அந்த மனுஷன் ஒரு கையைத் தூக்கி எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். ஹார்ன் அடித்துக் காப்பாற்றியதற்காம்.

அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை.

காதர் வண்டியைக் கால்வாய் ஓரம் நிறுத்தினான். இருவரும் இறங்கினோம். நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை நாளாலே இப்படி?" என்றேன்.

"ரெண்டு கண்ணுலயும் பொரை. ஒரு வருசம் இருக்கும்." அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "கிளீனர் சொல்லுவான், ஓட்டுவேன். முன்னால போறவன் கை காட்டுவான், போவேன். அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா சாவியப் புடுங்கிருவாரு. பொறவு வீட்டுல உக்காந்து பொம்பளையளோட பீடி சுத்தவா?"

"நீ கை காட்டுதியேலே! ஒனக்கே தெரியாம அடுத்தவனுக்கு எப்படிலே காட்டுத? அந்தப் பிள்ள போயிருந்தா?"

"ஹார்ன் அடிக்கானே. காட்டலன்னா ஏன் காட்டலன்னு கேப்பானே," என்றான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "அல்லாவே, நான் என்ன செய்யுதேன்னு எனக்கே தெரியலலே."

வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்தப் பனியில் நான் பிடித்துக்கொண்டு போன சிவப்பு விளக்குகள் நினைவுக்கு வந்தன. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, அதை யாரிடமும் சொல்லாமல் ஓட்டினேன். என் பின்னால் அன்று யாராவது என் விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தால் அவன் கதி? எங்கள் இருவரில் யார் அதிகப் பாவி என்று எனக்குத் தெரியவில்லை. காதரிடம் பனியில் நடந்ததைச் சொன்னேன். முதன்முதலாக அவனிடம்தான் சொன்னேன்.

அதற்கு மேல் அவன் ஓட்டக் கூடாது என்று சாவியை வாங்கிக்கொண்டேன். பாபநாசம் வரைக்கும் நான் ஓட்டினேன், பைய, மிகப் பைய. பின்னால் எத்தனை பேர் ஹார்ன் அடித்தார்களோ, ஒருவனுக்கும் கை காட்டவில்லை.

காதரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து எஸ்.டி.டி. பூத்தில் வெள்ளைத்தாள் வாங்கினேன். டீசல் மிச்சமாகும், டயர் தேயாது என்று ஸ்டீவுக்கு எழுத வேண்டிய பொய்யெல்லாம் சில நாளாக மனசுக்குள் தயாராக இருந்தது. அதை எழுதவில்லை. 'அந்தப் பெட்டி எனக்கு வேண்டும். பனியில் ஒரு தடவை சாகப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதி அனுப்பினேன். மிஷின் தாளை இழுத்துக்கொள்ளும்போது, பிழைப்பும் கூடவே உள்ளே போகிற மாதிரி இருந்தது.

"என்ன எழுதின?" என்றான் காதர், வாசலில் நின்றுகொண்டு.

"பயமா இருக்குன்னு எழுதினேன்."

அவன் ரோட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். "அண்ணாச்சிக்கும் ஒன்னு எழுதுலே. எனக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியல. இங்கனயும் அந்த மஞ்ச வெளக்கப் போட்டுரு."

எழுதினேன். எழுதி முடித்து அவன் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தேன். இரவு பார்வதியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஸ்டீவ் பதிலாக ஒரே வரிதான் அனுப்பினார்: 'பயப்படுகிறவனுக்குத்தான் வண்டி கொடுப்பேன்.' காதருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து, அடுத்த கண்ணுக்காகக் காத்திருக்கிறான். அதுவரைக்கும் பீடிதான் சுற்றுகிறான், என்னைத் திட்டிக்கொண்டே. அண்ணாச்சி சாவியைத் தன் பெட்டியில் வைத்திருக்கிறார். திருப்பித் தருவாரா என்று யாருக்கும் தெரியாது.

இப்போது புது வண்டியில்தான் இதை எழுதுகிறேன், வடக்கு ஒன்டாரியோவில், சாலையோர நிறுத்தத்தில். காலையில் பனி விழ ஆரம்பித்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி, இறங்கி, பெட்டியின் முகத்தை என் கையால் துடைத்துவிட்டு வந்தேன். பயம் போகவில்லை. அதுவும் நானும் ஒரே சீட்டில்தான் போகிறோம். பனி விட்டபின் ஒற்றைச் சாலையில் ஒரு கார் என் பின்னால் வெகுநேரம், முந்துவதற்காக ஒதுங்கி ஒதுங்கிப் பார்த்துக்கொண்டே வந்தது. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. கியர் மேல் இருந்த என் வலது கை தானாக எழும்பிவிட்டது. இங்கே டிரைவரின் ஜன்னல் இடது பக்கம். நீட்ட இடமில்லாமல், வண்டிக்குள் அந்தரத்தில் அது கொஞ்ச நேரம் நின்றது.