அப்பாவைப் பற்றி நான் சொன்ன சாட்சி

ராயபுரத்தில் எங்கள் சபை நடத்திய கோடைகாலத் தலைமைத்துவப் பயிற்சியில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஆறு வாரப் பயிற்சி. முடிவில் இரண்டு பேரை வாலிபர் குழுவுக்குத் தலைவர்களாக எடுப்பார்கள். மற்றவர்கள் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், ஸ்கூட்டியில் வந்து இறங்குவார்கள். நான் எர்ணாவூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் லாரிப் புழுதியைத் தின்றபடி வருவேன். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாகிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. அதை 'பாரம்' என்று சொல்லிக்கொண்டேன். சபையில் ஆசைக்கு அப்படியொரு மரியாதையான பெயர் உண்டு.

ஆவிக்குரிய வளர்ச்சிக்கென்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். காலை ஜெபம், வேத வாசிப்பு, உபவாசம், எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தது. நான் ஒரு கட்டத்தையும் விடவில்லை. வேதத்தை மனம் ஒன்றிப் படித்தது அந்தக் கோடையில்தான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் படித்ததைவிட டிக் போட்டதில்தான் எனக்குச் சந்தோஷம் அதிகம்.

ஐந்தாவது வாரம் சாட்சி சொல்லப் பழக்கினார்கள். ஆண்டவர் நமக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும். நான் எழுதியதைப் பயிற்சி கொடுத்த அக்கா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாதான் இருக்கு. ஆனா விடுதலை எங்கம்மா? கேக்கிறவங்க மனசு உடையணும்ல? உங்க அப்பா குடிப்பார்னு சொன்னியே?"

"இப்ப இல்லக்கா. விட்டுட்டாரு."

"அதான் சாட்சி! உன் ஜெபத்தாலதானே விட்டாரு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன்.

அப்பா துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கப்பலில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை. அவர் குடியை விட்டு அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருக்காக நான் ஜெபிக்கவேயில்லை. அந்த நாட்களில் அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒரு நாள் காலையில் "இனிமே வேணாம்" என்றார், அவ்வளவுதான். பத்து நாள் கை நடுங்கிற்று, சட்டைப் பித்தானை அம்மாதான் போட்டுவிட்டாள். எங்கள் நிறுத்தத்துக்கு எதிரேயே ஒயின்ஷாப். அதனால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வெயிலில் சுற்றி நடந்து வீட்டுக்கு வருவார். "இன்னா மாமு, சாமியாரா பூட்டியா?" என்று கூட வேலை செய்தவர்கள் ஓட்டினார்கள். நானும் அவரிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நிறைவு ஆராதனைக்கு அப்பா வந்தார். கிறிஸ்துமஸைத் தவிர சபைப் பக்கம் வராதவர், இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மேடையேறினேன். குடிபோதையில் சோற்றுத் தட்டை அவர் வீசியெறிந்ததைச் சொன்னேன், அது உண்மை. பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து முழங்காலில் நின்றேன், ஆண்டவர் அப்பாவைக் குடியிலிருந்து விடுவித்தார் என்றேன், அது பொய். அக்கா சொல்லிக்கொடுத்த இடத்தில் குரல் சரியாக உடைந்தது. சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்று முழங்கியது. பாஸ்டர் அப்பாவை மேடைக்கு அழைத்துத் தோளில் கை வைத்தார்.

"எப்போ விட்டீங்க ஐயா? சபைக்குச் சொல்லுங்க."

அப்பா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு வருஷம் என்று அவர் வாயில் வந்தால் நான் தொலைந்தேன்.

"அதான் பொண்ணு சொல்லிச்சே," என்றார். "அது சொன்னா மாதிரிதான்."

கைதட்டினார்கள். என்னைத் தலைவியாக எடுத்தார்கள்.

வீட்டில் அப்பா அதைப் பற்றிப் பேசவேயில்லை. ஆனால் சபைக்காரர்கள் மீன் மார்க்கெட்டில் அவரை நிறுத்தி, "இப்ப சுத்தமா இருக்கீங்களா ஐயா?" என்று விசாரித்தார்கள், ஏதோ போன வாரம்வரை ரோட்டில் விழுந்து கிடந்தவரைக் கேட்பதுபோல. அவரும் தலையாட்டிவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர்கள் மேல் அல்ல, என் மேல்தான். ஜெபிக்க உட்கார்ந்தால் அந்த மேடைக்குரல்தான் வாயில் வந்தது. நோட்டை மூடி வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, சபையில் எழுந்து உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். பதறிப்போனார்.

"வேண்டாம்மா, சின்னப் பிள்ளைங்க விசுவாசத்துல இடறிப்போவாங்க. ஆண்டவர்கிட்ட பாவத்த அறிக்கை பண்ணிடு, போதும்."

அக்கா கெட்டவர் இல்லை, அவர் அதை நம்பித்தான் சொன்னார். நான் கேட்பதாக இல்லை. சனிக்கிழமை மதியம் அப்பா வாசலில் உட்கார்ந்து வேலைக்குப் போடும் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நைனா, நாளைக்கி சர்ச்ல எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். நான் சொன்னது பொய்னு."

அவர் நிமிரவில்லை.

"இன்னாத்துக்கு? இந்தத் தபா அழுதா இன்னும் ஜாஸ்தி கை தட்டுவாங்கோ."

"இல்ல நைனா, நீயாதான் வுட்டேன்னு..."

"வாணாம்மா. இன்னொரு தபா என்ன மேடையேத்தாத. நானா செஞ்சதுன்னு எனக்கு இருந்தது அது ஒண்ணுதான். அத்தையும் எட்துகினு பூட்டே."

மறுநாள் நான் எழுந்து பேசவில்லை. தலைவர் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன், காரணம் எழுதவில்லை. என்னிடம் ஆவிக்குரிய வளர்ச்சி என்று ஏதாவது இருக்குமானால் அந்தச் சனிக்கிழமைதான் அது ஆரம்பித்தது. இப்போதும் தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்காக மட்டும் எதையும் கேட்க வாய் வருவதில்லை.