மடியில் மாறிய மஞ்சள் பை

கையெழுத்துப் போட்ட பாரத்தை வங்கிப் புத்தகத்துக்குள்ளேயே வைக்கும் யோசனை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூண்டு விற்ற பணத்தை அப்பா அதுவரை அடுப்படிப் பரணில் ஒரு பானையில்தான் வைத்திருந்தார். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததும் வங்கி, வட்டி, பாஸ்புக் என்று வீட்டில் ஓயாமல் பேசி அவரைக் கரைத்தேன். கையெழுத்துப் போடப் பழக்கியதும் நான்தான். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு வாரம் எழுதிப் பழகினார். ஆனால் பணம் எடுக்க ஒவ்வொரு தடவையும் அவர் பூம்பாறையிலிருந்து வந்தால் ஒரு நாள் தோட்டவேலை போச்சு. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். பணம் எடுக்கும் பாரத்தில் முன்னும் பின்னும் அவர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்வது, தொகையை நான் வங்கியில் வைத்து எழுதுவது. விதிப்படி கணக்குக்காரர் நேரில் வர வேண்டும். பூம்பாறை மாதிரி மேல்மலை ஊர்க்காரர்கள் விஷயத்தில் அதை யாரும் கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. பாதிப் பேர் மகனிடமோ கடைக்காரரிடமோ இப்படித்தான் கொடுத்தனுப்பினார்கள்.

அது ஒரு சனிக்கிழமை. திங்கள் சாயங்காலம் அம்மாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மறுநாள் கர்ப்பப்பை ஆபரேஷன். எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடத்திலிருந்து டிரங்க் கால் போட்டுக் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு பணம் எடுப்பதாக ஏற்பாடு. அதனால் தொகை எழுதும் இடம் காலி. பாரம் பாஸ்புக்குக்குள், பாஸ்புக் மஞ்சள் பைக்குள்.

காலை முதல் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது எங்கள் பஸ்ஸில் கேட்காமலே நடக்கும் காரியம். என் பையை வாங்கிக்கொண்ட பெண்ணின் மடியில் ஏற்கெனவே இரண்டு மூன்று பைகள் இருந்தன. கொடைக்கானலில் இறங்கியதும், ஜன்னல் வழியாக அவள் நீட்டிய மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடாமல் நடந்ததாக என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

ஆபீஸில் டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டுப் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு காலி மருந்து பாட்டில், ஆஸ்பத்திரிச் சீட்டு, குழந்தையின் கம்பளித் தொப்பி. எல்லாம் ஒரே ஜவுளிக்கடை கொடுத்த பைதான், மேல்மலையில் வீட்டுக்கு ஒன்று இருக்கும்.

பாஸ்புக் மட்டும் தொலைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கையெழுத்தோடு, தொகை எழுதாமல் போயிருக்கிறது. கையில் கிடைத்தவர் எந்த எண்ணையும் எழுதலாம். பையை மேஜைமேல் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் திரும்பிப் போயிருந்தது. அங்கிருந்து வங்கிக்கு ஓடினேன். மணி பத்து. சனிக்கிழமை பன்னிரண்டு வரைதான் வங்கி.

கவுண்டரில் இருந்த கிளார்க்குக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கழுத்தில் மப்ளர். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கணக்கு யார் பேரில் என்றார். அப்பா பேரில் என்றேன். அப்படியானால் பணம் கொடுப்பதை நிறுத்தி வைக்க அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார். அப்பா பூம்பாறையில் இருக்கிறார், போய்த் திரும்புவதற்குள் வங்கி மூடிவிடும் என்றேன். அவர் அடுத்த ஆளின் பாஸ்புக்கை வாங்கினார்.

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். எழுதிவிட்டு, அடியில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். பழக்கிவிட்டவளுக்குத் தெரியாதா என்ன! வேறொரு தேவைக்கு அவர் முன்பே கையெழுத்துப் போட்டுத் தந்திருந்த தாள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

கிளார்க் உள்ளே போய் மாதிரிக் கையெழுத்து அட்டையைக் கொண்டுவந்து கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது ஒங்கப்பா போட்டதில்ல."

விரலால் அட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"அவரு கடைசி எழுத்துக்கு முன்னால பேனாவ எடுத்துட்டுத் திரும்ப வைப்பாரு. ஒவ்வொரு பாரத்துலயும் அப்படித்தான். இது ஒரே ஓட்டமா ஓடுது. இத நான் வாங்கிக்கிட்டா, எவனாச்சும் போட்டு வர்றதயும் நான் வாங்கணும்ல?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கத்தியிருந்தால் அழுதிருப்பேன். கத்தவில்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லெட்ஜரில் அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகினார். யாராவது அந்தப் புத்தகத்தோடு வந்தால் உட்கார வைத்து விசாரிப்பேன், ஆனால் கையெழுத்து சரியாக இருந்தால் கடைசிவரை இல்லையென்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்றார். அதனால் பன்னிரண்டு வரை நான் அங்கேயே இருந்து யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

உட்கார்ந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் முதலில் கையைப் பார்த்தேன், பிறகுதான் முகத்தை. மஞ்சள் பையோடு நாலு பேர் வந்தார்கள். ஒருவர் டோக்கன் வாங்கித் திரும்பியதும் நானும் எழுந்து பின்னாலேயே போய் அவர் பாஸ்புக்கின் பேரை எட்டிப் படித்தேன். அவர் முறைத்தார். "யாரப் புடிக்கப் போறீக, போலீசம்மா?" என்று பியூன் கேட்டுவிட்டு, டீ வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாமென்றேன். இந்த வங்கி இல்லாவிட்டால் ஊரில் இன்னும் எத்தனை வங்கி இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது. வேறு எங்கும் எடுக்க முடியாது என்று எனக்கே தெரியும், ஆனாலும் போட்டது.

பதினொன்றே முக்காலுக்கு அவள் வந்தாள். பஸ்ஸில் பையை வாங்கிக்கொண்ட அதே பெண். நேரே கவுண்டருக்குப் போய்ப் பாஸ்புக்கை நீட்டி, இது யாருதுன்னு பாருங்க சாமி என்றாள். நான் பாய்ந்து போய் நின்றேன். பாரம் உள்ளேயே இருந்தது. தொகை எழுதும் இடம் காலியாகவே இருந்தது.

அவள் பாஸ்புக்கைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"எம் பை எங்கத்தா? ஆஸ்பத்திரியில சீட்டு இல்லாம மருந்து தர மாட்டேங்குறான். பிள்ளை மூணு நாளா இருமிக்கிட்டுக் கெடக்கு."

பள்ளிக்கூட ஆபீஸில், என் மேஜைமேல். இரண்டு மணி நேரம் அவள் பார்ப்பவரிடமெல்லாம் அந்தப் புத்தகத்தைக் காட்டி, இது வங்கிப் புத்தகம் என்று ஒருவர் சொல்லக் கேட்டு, வழி விசாரித்து வந்திருக்கிறாள். அவளுடைய காலி பாட்டிலை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அப்போதும் என் புத்தி கவுண்டரைத்தான் பார்த்தது. இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. தொகையைக் குத்துமதிப்பாக எழுதிப் பாரத்தை நீட்டலாமா என்று கேட்டேன். கிளார்க் பாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அப்பா போட்டதுதான். ஆனா காலையில நீங்க அப்படிப் பண்ணின பெறகு எத நம்பித் தர்றது? திங்கக்கெழம அவரையே கூட்டிட்டு வாங்க."

என்னிடமே பாரத்தைக் கொடுத்துக் கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஓடினேன். மருந்து கொடுக்கும் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தவர் இருவரையும் திட்டிக்கொண்டேதான் பாட்டிலை வாங்கி நிரப்பினார்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்துப் போட்டதையும். அப்பா அடுப்படிப் பரணை நிமிர்ந்து பார்த்தார். "பானையில இருந்திருந்தா மடி மாறிப் போயிருக்காது," என்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வங்கி திறக்குமுன் நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம், அம்மா மதுரைக்குத் துணிமூட்டையோடு. கவுண்டரில் அப்பா குனிந்து மெல்ல எழுதினார். கடைசி எழுத்துக்கு முன்னால் பேனாவை எடுத்தார். கிளார்க் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பேனா திரும்பத் தாளில் கீறும் சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.