வாழைநாரை எடுத்துவிட்டுப் பேசியவர்

இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. உச்சிப்புளியில் என் தங்கை கல்யாணத்துக்குப் பூக்கட்ட வந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான ஆள், காதோரம் நரை. கட்டுகிற நேரமெல்லாம் வாழைநாரைப் பல்லில் கவ்வியிருப்பார். யார் எது கேட்டாலும் "ம்" என்பதுதான் பதில்.

தங்கை கையில் பிடிக்கும் பூச்செண்டுக்காக, வேலியில் பூத்த நீலச் சங்குப்பூவை அவளே பறித்துக் கொடுத்திருந்தாள். சீக்கிரம் வாடுகிற பூ என்பதால், ஈரத்துணியில் சுற்றிவைத்துக் கடைசியில் கட்டிக்கொண்டிருந்தார். அதை மாப்பிள்ளையின் தாய்மாமன் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, நீலம் சனிக்கு ஆனதுல்ல? அதுலயும் பொண்ணே கறுப்பு. பிச்சுப் போடு."

பெண் வீட்டார் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். பூக்காரர் நாரை வாயிலிருந்து எடுத்தார்.

"அய்யா, செண்டைப் பிடிக்கப்போறது நீங்களா, அந்தப் பிள்ளையா?"

"பூக்கட்ட வந்தவனுக்கு வாயைப் பாரு."

"அந்தப் பிள்ளை சொல்லட்டும், பிச்சுப்புடுறேன். ஏத்தா, இருக்கட்டுமா, பிச்சுறவா?"

மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கத்தில் நின்றிருந்த அவள் தலையை நிமிர்த்தி, "இருக்கட்டும்" என்றாள்.

அவர் மறுபடி நாரைக் கவ்விக்கொண்டு முடிச்சைப் போட்டார்.

அந்தத் தாய்மாமன்மேல் இருந்த கோபம் என்றோ ஆறிவிட்டது. நார் கவ்விய வாய்க்குக் கேட்கத் தோன்றியது, கூடப்பிறந்த எனக்குத் தோன்றவில்லையே, அதுதான் ஆறமாட்டேன் என்கிறது.