குழாய்ப்பூதம் உம் கொட்டிய கதை

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு வாளியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அங்கே பாதிப் பேர் "யாரது?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்றை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதற்குள் உறுமுவது அவள் வேலை. அந்த உறுமல் மைக் வழியாகப் போய், கொஞ்சம் வேகம் குறைக்கப்பட்டு, தியேட்டரில் வெளியே வரும்போது பனைமர உயரப் பூதமாக இருக்கும். ஆள் என்னவோ என் தோளுக்கு எட்ட மாட்டாள்.

'திரும்பாத கப்பல்' என்று ஒரு படம். நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற ஒரு கப்பல், அதன் காற்றுக் குழாய்களுக்குள் எப்படியோ நுழைந்துவிட்ட ஒரு பூதம். கப்பலில் இருப்பவர்களை அது ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான் கதை. திரும்பாத கப்பல் என்று பெயர் வைத்துவிட்டு ஐந்து தடவை திரும்பி வந்த கப்பல் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஆறு பாகத்திலும் குழாய்ப்பூதத்துக்கு மூச்சும் குரலும் வாளியக்காதான்.

முதல் பாகத்தின்போது பல்பொடி விளம்பரத்தில் குழந்தைக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். புலி, சிங்கம், பன்றி என்று எல்லாச் சத்தத்தையும் போட்டுப் பார்த்து எதுவும் ஒட்டாமல் டைரக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இவள் தரை துடைக்க வைத்திருந்த வாளியை எடுத்து விளையாட்டாக உள்ளே ஒரு மூச்சு விட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் வாளியக்கா.

படம் ஓடியது. ஓடுகிற படத்தைச் சும்மா விடுவார்களா? இரண்டாம் பாகத்தில் பூதம் இரண்டானது. மூன்றில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. நான்கில் அதற்கு இறக்கை முளைத்தது. காற்றே இல்லாத இடத்தில் இறக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தில் ஊருக்குள் வந்து பாலத்தை உடைத்தது. பல்லைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள், பயம் சின்னதாகிக்கொண்டே போனது. அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று ஜனங்கள் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். வாளியக்கா மட்டும் ஒவ்வொரு பாகத்துக்கும் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்து, வாளியைக் கழுவித் துடைத்து, முதல் நாள் போலவே போய் நின்றாள். தன் வேலையில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம்.

வீட்டில் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. உம் கொட்டுவது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வெளியே நாலு வார்த்தை பேச மாட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அன்றைய லிஃப்ட் கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் எது சிக்கியது, உள்ளே இருந்தவர் யாரைத் திட்டினார், எல்லாம். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உம் கொட்டுவாள். அதிலும் ரகம் உண்டு. மேலே ஏறுகிற "ம்ம்?" என்றால் அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தம். கீழே இறங்கினால், எனக்குத் தெரியும், மேலே சொல்லுங்க. இழுத்தால், அளந்துவிடுகிறீர்கள் என்று அர்த்தம். ஒரு உம் தவறினாலும் மனிதர் நின்றுவிடுவார்.

"கேக்குறியா?" என்பார்.

"ம்."

அப்புறம்தான் லிஃப்ட் மேலே நகரும்.

அவர்மேல் அவளுக்கு ஒரே ஒரு குறை. மாடி வீட்டுக்காரர் ஒருமுறை, "வீட்ல அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டபோது, "ஏதோ ரெக்கார்டிங் ஆபீஸ்ல" என்றார். அது அவள் காதில் விழுந்துவிட்டது. ஏதோ! ஊரையே நடுங்க வைக்கிறவளுக்கு வீட்டில் கிடைத்த பட்டம் அது. அவள் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் அந்த 'ஏதோ' முள்ளாக உள்ளேயே நின்றது.

ஆறாம் பாகத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. கப்பலின் சமையல்காரர் சாமான் அறையில் மாட்டிக்கொள்கிறார். மேலே குழாய்க்குள் பூதம். பயத்தில் அவர் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார், சின்ன வயதில் அண்ணனோடு சண்டை போட்டுப் பேசாமலே போய்விட்டதைப் பற்றி. பேசி முடித்ததும் பூதம் இறங்கி வரும். குரல் கொடுத்தவர் வாளியக்காவுக்குப் பக்கத்து மைக்கில் நின்று உருகி உருகிப் பேசினார். இவள் மூச்சு மட்டும் விட வேண்டும். அவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். இவள் வாளிக்குள்ளிருந்து, பூதக் குரலிலேயே, "ம்" என்றாள்.

அவளுக்கே தெரியவில்லை. ஒலிப்பதிவாளர் அது வசனத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். 'ம்' தியேட்டருக்குப் போய்விட்டது.

படம் சுமாராகத்தான் ஓடியது. ஆனால் கல்லூரியிலிருந்து வந்த மகள் போனும் கையுமாக ஓடி வந்தாள்.

"அம்மா, பூதம் ஏன் உம் கொட்டுச்சுன்னு ஊரே சண்டை போடுது! அது கதை கேக்குதாம். அண்ணன் கதை முடியுற வரைக்கும் அந்த சமையல்காரரைத் தொடவே இல்லையாம். ரெண்டாம் பாகத்துல ஒரு பொண்ணு தப்பிச்சாளே, அவளும் பேசிக்கிட்டேதான் இருந்தாளாம். எல்லாம் அப்பவே பிளான் பண்ணி வெச்சிருக்காங்கன்னு சொல்றாங்க."

வாளியக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பிளானும் இல்ல, மண்ணும் இல்ல. எல்லாம் உங்கப்பாவால வந்த வினைடி!"

டைரக்டரிடமிருந்து அழைப்பு வந்தபோது வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் போகிறோம் என்று நினைத்துப் போனாள். அவரோ தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இத்தனை வருஷமா அதுக்குப் பல்லைத்தான் வளர்த்தோம். அதுக்கு என்ன வேணும்னு நாம கேக்கவே இல்ல. அதுக்குக் கதை வேணும்க்கா! கப்பல்ல கேப்டன் மட்டுமா இருக்கான்? குழாய் அடைக்கிறவன், துணி துவைக்கிறவ, லிஃப்ட் பாக்குறவன், எல்லாரும் இருக்காங்க. எத்தனை பேரோ அத்தனை கதை. இனிமே கப்பலைப் பெருசாக்க வேணாம், உள்ள இருக்கிறவங்களைப் பெருசாக்கலாம்."

தயாரிப்பாளருக்கும் பிடித்துப்போனது. பிடித்துப்போனதுதான் வம்பு. "கேக்குறதோட ஏன் நிறுத்தணும்? பேசட்டுமே!" என்றார். கனத்த குரலுக்குப் பேர்போன நடிகர் ஒருவரைப் பேசி வைத்திருந்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. உறுமுறதுக்கு வாளி போதும். பேசுறதுக்குக் குரல் வேணும்ல?"

சுருக்கென்று தைத்தது. ஆறு பாகம் தன் தொண்டையைக் கொடுத்து வளர்த்த பூதத்தை ஒரே பேச்சில் தூக்கி வேறு கையில் கொடுக்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

"பேச ஆரம்பிச்சா அப்புறம் எங்க சார் கேக்குறது?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பேசுகிற பூதம், உம் கொட்டுகிற பூதம் இரண்டையும் பதிவு செய்து கேட்டுப் பார்ப்போம், எது பயமுறுத்துகிறதோ அதுவே ஏழாம் பாகத்தில் என்று அவர்தான் தயாரிப்பாளரை ஒப்புக்கொள்ள வைத்தார்.

அந்த நாள் வந்தது. முந்தின நாள் வாளியைக் கழுவ வீட்டுக்கு எடுத்துப் போனவள், பதற்றத்தில் அதை மொட்டை மாடியிலேயே காய வைத்துவிட்டு வந்துவிட்டாள். புருஷனுக்குப் போன் போட்டாள். அதற்குள் கனத்த குரல்காரர் பேசி முடித்துவிட்டார். "உன் கதையைச் சொல், மனிதா" என்று அவர் சொன்னபோது கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது. கோயில் மணி மாதிரி குரல். கை தட்டினார்கள்.

கிரீஸ் கறையோடு புருஷன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாளி வந்தது, அவள் உம் கொட்டுவதற்குக் கதை சொல்ல வேண்டிய இன்னொரு நடிகர் வரவில்லை, வேறு எங்கோ படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். டைரக்டர் புருஷனைப் பார்த்தார்.

"மாமா, நீங்க ஏதாச்சும் சொல்லுங்களேன்."

"எனக்கு லிஃப்டைத் தவிர என்னங்க தெரியும்?"

"அதையே சொல்லுங்க."

அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அவரை வெளியே ஒரு மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். விளக்குகளை அணைத்தார்கள். அவளுடைய மூச்சு நாலு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது. மனிதர் ஒரு கணம் மிரண்டுதான் போனார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்த மாதிரி காலை மடக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இன்னிக்குக் காலைல ஒரு கட்டடத்துல லிஃப்ட் நின்னுபோச்சு. ரெண்டு மாடிக்கு நடுவுல. உள்ள ஒரு அம்மா, தனியா."

"ம்ம்?" என்றது இருட்டு.

தயாரிப்பாளரின் கையில் முடி எழும்பி நின்றது.

"நான் லிஃப்டுக்கு மேல ஏறி உக்காந்து வேலை பாக்குறேன். கீழ அந்தம்மா ஒரே அழுகை. எதாச்சும் பேசிக்கிட்டே இருங்கம்மா, நான் கேட்டுக்கிட்டே சரி பண்றேன்னேன். அவங்க பேசுறாங்க, நான் உம் கொட்டுறேன்."

"ம்."

"கொஞ்ச நேரத்துல அழுகை நின்னுபோச்சு. ஏம்ப்பா, நல்லா உம் கொட்டுறியே, எங்க கத்துக்கிட்டன்னு கேட்டாங்க. என் சம்சாரம்கிட்டம்மா, அந்தக் கப்பல் படத்துல வர்ற குழாய்ப்பூதம் இருக்குல்ல, அது என் சம்சாரம்தான்னேன். அந்தம்மா சிரிச்சுட்டாங்க, நம்பவே இல்ல. யாரும் நம்புறதில்லம்மா, முன்னெல்லாம் எல்லார்கிட்டயும் சொல்வேன், கிண்டல் பண்ணுவாங்க. அவளைக் கிண்டல் பண்ணா எனக்குப் பொறுக்காது. அதான் இப்பல்லாம் ஏதோ ரெக்கார்டிங் ஆபீஸ்னு சொல்லிட்டுப் போயிடுறதுன்னேன்."

உம் வரவில்லை.

அவர் நிறுத்தினார். கூடத்தில் ஓசையே இல்லை, மூச்சுக்கூட இல்லை. பூதம் என்ன செய்யப் போகிறது? தயாரிப்பாளர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். கனத்த குரல்காரர் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார், அது யார் கை என்று அவருக்குத் தெரியாது.

புருஷன் மெல்ல, தழைந்த குரலில் கேட்டார். "கேக்குறியா?"

ரொம்ப நேரம் கழித்து, ஈரமாக, நடுவில் உடைந்து, நாலு பக்கத்திலிருந்தும் வந்தது.

"...ம்."

விளக்கைப் போடச் சொல்லித் தயாரிப்பாளர் அலறினார். வெளிச்சம் வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாளியக்கா வாளியை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ப்பா, அது பேசவே வேணாம்," என்றார் தயாரிப்பாளர். "கேட்டாலே போதும்."

"கேக்கறதை நிறுத்துனாதான் பயம்," என்றார் டைரக்டர். கனத்த குரல்காரரும் பெரிய மனுஷர். பூதத்துக்குக் கதை சொல்கிற கேப்டன் வேஷம் தனக்கு வேண்டும் என்று அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏழாம் பாகம் வந்த வாரத்தில் குடும்பத்தோடு மேட்னிக்குப் போனார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. எழுத்து ஓடும்போது 'குழாய்ப்பூதம்' என்று போட்டு, பக்கத்தில் பெற்றவர்கள் வைத்த பெயரைப் போட்டார்கள். மகள் விசில் அடித்தாள், கூட இருந்த தோழிகளும் அடித்தார்கள். வாளியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கப்பலின் லிஃப்ட்காரன் இருட்டுக் குழிக்குள் தொங்கியபடி கதை சொல்லிக்கொண்டிருந்தான். மேலே பூதம் உம் கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று உம் நின்றது. தியேட்டரில் பாப்கார்ன் கொறிக்கும் சத்தம்கூட அடங்கிவிட்டது. எல்லோரும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மௌனம் என்னவென்று தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர்தான்.

அவர் அவள் பக்கம் சாய்ந்தார். "கேக்குறியா?"

கையில் வாளி இல்லை. ஆனாலும் தொண்டை அவளை அறியாமல் அந்தப் பழைய இடத்துக்கே போயிற்று.

"ம்."

முன் வரிசையில் இருந்தவர்கள் வீலென்று கத்திக்கொண்டு திரும்பினார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி எழுந்தே விட்டாள்.

"பயப்படாதீங்க, பயப்படாதீங்க," என்று புருஷன் எழுந்து நின்று, தியேட்டருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "என் சம்சாரம்தான் அது!"

இந்தத் தடவை எல்லோரும் நம்பினார்கள்.