காலர் கிழிந்த துரை

அவர் வந்து இறங்கிய அன்றைக்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. காரணம், அவருடைய சட்டை. காலர் மடிப்பு நைந்து நூல் தொங்கியது. ஒரு முழங்கையில் ஓட்டை. காலில் ரப்பர் செருப்பு.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், மீனவக் குப்பங்களுக்கு வீடு கட்டித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். இங்கிலாந்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். அந்தப் பெண் இஸ்திரி கலையாத சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக ஜீப்பிலிருந்து இறங்கினார். இவர்தான் பெரிய அதிகாரி, கூட வந்தவர் பெட்டி தூக்குகிறவர் என்று நாங்களாகவே முடிவு செய்து, மாலையை அந்தப் பெண்ணுக்குப் போட்டோம். கிழிந்த சட்டைக்காரர் ஓரமாக நின்று கைதட்டினார். முகம் கொஞ்சமும் மாறவில்லை. மரியாதை கிடைக்காதபோதும் ஒருவருக்கு முகம் மாறவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்கு அப்படி நின்று பழக்கமில்லை. சிதம்பரத்தில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். அப்பா அப்போதும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னிடம் இருந்த முழுக்கைச் சட்டைகள் எல்லாவற்றுக்கும் கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து இஸ்திரி போட்டுக்கொள்வேன். பொத்தான் ஒன்று ஆடினால்கூட அன்றைக்கு அந்தச் சட்டையோடு வெளியே போகமாட்டேன். காசுள்ள ஒரு மனுஷன் எதற்காகக் கந்தலைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டும்? ஊரில் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தவராக இருக்கலாம் என்று தோன்றியது. எங்கள் டிரைவர் கஞ்சா என்றார். நான் மறுக்கவில்லை. அவரைத் துரை என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்ததும் அந்த டிரைவர்தான். அந்தப் பெண்ணை எல்லோரும் மேடம் என்றோம்.

மேடத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. ஒருநாள் சாயங்காலம் ரயில் நிலையத்துக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நானே பேச்சைக் கிளப்பினேன். பாவம், அவருக்கு நல்ல சட்டை வாங்க வழியில்லையா என்று கேட்டேன். மேடம் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. அந்த ஆள் போஷ், எங்கள் நாட்டில் மேட்டுக்குடியை அப்படித்தான் சொல்வோம், அவர் வாயைத் திறந்த முதல் நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்றார். கந்தலோடு திரியலாம், அவரை யாரும் ஏழை என்று நினைத்துவிட முடியாது, அந்தத் தைரியம்தான் அந்தச் சட்டை என்றார். மேடத்தின் அப்பா லாரி ஓட்டியவராம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பு அம்மா தன் காலரைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவாள். இப்போதும் சட்டையை இஸ்திரி போடாமல் கதவைத் தாண்ட முடிவதில்லை என்று சொன்னார்.

பொறாமையில் பேசுகிறார் என்றுதான் எனக்கு முதலில் பட்டது. மேடம் விடவில்லை. இங்கே வந்த முதல் நாள் ராத்திரி அந்த ஆள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, எந்தப் பள்ளியில் படித்தாய் என்பதுதான் என்றார். ரொம்ப அன்பாகத்தான் கேட்டாராம். பதில் சொன்னதும் வேறு பேச்சுக்குப் போய்விட்டாராம். அவர்கள் ஊரில் டீக்குப் பாலை முதலில் ஊற்றுகிறாயா கடைசியில் ஊற்றுகிறாயா என்பதை வைத்துக்கூட மேட்டுக்குடியா இல்லையா என்று கண்டுபிடிப்பார்களாம். இங்கே மாஸ்டரே கலந்து கொடுத்துவிடுவதால் நிம்மதியாக இருக்கிறது, இந்த ஊர் டீக்கடையில் யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்றார்.

எங்கள் பக்கத்து டீக்கடைகளில் தம்ளரை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரே கவலை, தங்கை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அவளுக்கு பி.எஸ்.சி. இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் இடம் இல்லை. எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயிலுக்கும் உள்ளே. பஸ் மாறி வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிதம்பரத்தில் வீடு பிடித்து அம்மாவையும் அவளையும் வைத்தால் படிக்கட்டும், இல்லையென்றால் வேண்டாம். வீடு பிடிப்பது என் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சி போட்ட சட்டையோடு சிதம்பரத்தில் சுற்றினேன். எல்லா வீட்டிலும் வரவேற்பு நன்றாகவே இருக்கும். சார் உட்காருங்க என்பார்கள். எம்.ஏ. என்றதும் இன்னும் ஒரு படி மேலே. பிறகு மெதுவாக ஆரம்பிக்கும். எந்த ஊர்? காட்டுமன்னார்கோயில் பக்கம். பக்கமென்றால்? ஊர் பேரைச் சொன்னால், அங்கே எந்தத் தெரு? எங்கள் ஊரைக் கொஞ்சம் தெரிந்தவராக இருந்துவிட்டால், ரைஸ்மில்லுக்கு இந்தாண்டையா அந்தாண்டையா? மில்லுக்கு அந்தாண்டை எங்கள் காலனி. அதைச் சொன்னதும் அந்த வீட்டுக்கு அவசரமாக வெள்ளையடிக்க வேண்டியதாகிவிடும். அல்லது பம்பாயிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்துவிடுவான்.

இந்த நேரத்தில்தான் துரை எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். எதற்கு என்று எனக்கு உடனே சந்தேகம். ஆனாலும் அழைத்துப்போனேன். அம்மா பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, துடைத்துப் போட்டிருந்தாள். அவர் அதைத் தாண்டிப்போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "ஏன்டா, நாற்காலி போட்டா உக்கார மாட்டேங்கறாரு? அவுங்க ஊர்லயும் நம்மள இப்படித்தானா?" என்று கேட்டாள். பிறகு அவர் கெண்டை மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. கிளம்பும்போது தன் டிஜிட்டல் கேமராவில் எங்கள் எல்லோரையும் படம் பிடித்துக்கொண்டார்.

அவரைப் பற்றிய சந்தேகம் எனக்குத் தீரவில்லை. ஆனால் ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால், மில்லுக்கு இந்தாண்டையா அந்தாண்டையா என்ற கேள்வி எழுமா?

சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு இருப்பதாகத் தெரிந்தது. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மாடியில் இரண்டு அறையும் சமையலறையும். துரையை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு அதே சட்டையில் வந்தார். ஆனால் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற அரசு அலுவலர், அவர் காலரைப் பார்க்கவே இல்லை. தோலைத்தான் பார்த்தார். வீட்டுக்கார அம்மா வெள்ளித் தம்ளரில் காபி கொண்டுவந்தார். துரை மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காற்று பிரமாதம் என்றார். அதை நான் தமிழில் சொன்னபோது வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சாருக்குச் சொந்த ஊரு" என்று ஒருமுறை ஆரம்பித்தார். துரை அந்த நேரம் பார்த்து இன்னும் கொஞ்சம் காபி கிடைக்குமா என்று கேட்டார். கேள்வி அப்படியே அமுங்கிப்போனது. வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, பால் காய்ச்சிவிடுங்கள் என்றார் வீட்டுக்காரர். இந்த ஆளை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டேனே என்று எனக்கு அப்போது தோன்றியது. அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

குடிவரப்போகிறவர்களைக் காட்டலாம் என்று துரைக்கு அப்போதுதான் தோன்றியிருக்கிறது. பையிலிருந்து கேமராவை எடுத்து வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார். நான் எட்டுவதற்குள் அது அவர் கைக்குப் போய்விட்டது. முதல் படத்தில் அம்மா, வாசலில், கையில் கரண்டியோடு. நல்ல முகம் என்றார் வீட்டுக்காரர். அடுத்த படம் எங்கள் காலனி முகப்பு. நீலக் கோட்டும் கண்ணாடியுமாக, ஒரு கையில் புத்தகமும் நீட்டிய விரலுமாக நிற்கும் சிலை. எங்கள் ஊரிலேயே எப்போதும் கோட்டும் டையுமாக இருப்பவர் அவர் ஒருவர்தான். சிலைக்குப் பக்கத்தில் கிழிந்த சட்டையோடு துரை சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். என்னைச் 'சார்' என்றது போய்விட்டது.

"தம்பி, சொல்ல மறந்துட்டேன். மாடி ஒழுவுது. தளத்த உடைச்சிட்டு மறுபடி போடணும். மழைக்கு முன்னாடி ஆவாது போலிருக்கு."

நான் எழுந்தேன். துரை ஒன்றும் புரியாமல் அந்த அம்மாவுக்குக் கைகூப்பிவிட்டு வந்தார். கேட் வரைக்கும் போனதும் வீட்டுக்காரர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"தம்பி, தொரை தனியா தங்கறதா இருந்தா கேட்டுச் சொல்லு. நாளைக்கே சாவி தரேன்."

"ஒழுவுதுன்னீங்களே?"

"அவரு அதெல்லாம் பெரிசா எடுத்துக்க மாட்டாரு. கேளு."

கேட்டேன். மொழிபெயர்ப்பாளன் வேலை அதுதானே. வீடு எனக்கில்லை, உங்களுக்கென்றால் தருவாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். துரை யோசிக்கவே இல்லை. பிரமாதம், என் பேரில் எடுத்துவிடுவோம், உன் அம்மாவும் தங்கையும் இருக்கட்டும், யாராவது கேட்டால் என் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று சொல்லிவிடலாம் என்றார். அவருக்கு அது ஒரு வேடிக்கை. உண்மையிலேயே உதவ நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர் கண்ணில் என் அம்மா துரை வீட்டு வேலைக்காரியாகப் படியேறி இறங்குவது எனக்குத் தெரிந்தது.

என்ன சொல்கிறார் என்றார் வீட்டுக்காரர்.

"வேணாங்கறாரு. ஒழுவுற வூட்ல இருக்க மாட்டாராம்."

வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மழைக்குள் வேலை முடியாதாம் என்று துரையிடம் சொன்னேன். ஜீப்பில் அவர் வழியெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார். ஒழுகினால் என்ன, எங்கள் வீட்டில் மழை வந்தால் அறைக்கு அறை வாளி வைப்போம் என்றார். எத்தனை அறை என்று கேட்டேன். எண்ணிப் பார்த்ததில்லை என்றார்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். ஒழுகுகிற வீட்டில் இருக்கமாட்டாராம் என்று சொன்ன இடத்தில் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மா, நல்லா கேட்ட என்றாள். தங்கை சிரிக்கவில்லை.

"வேலைக்காரின்னே சொல்லிட்டுப் போவட்டும்ணே. அந்தாளு வாயில நாம யாரா இருந்தா என்ன? ஒன் மானத்த நீ காப்பாத்திட்டு வந்துட்ட. காலேஜு போவ வேண்டியது நானு."

நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கல்லூரி திறந்த அன்று விடிவதற்கு முன்பே அவள் அப்பாவிடம்கூடக் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு, மில்லைத் தாண்டி நடந்துபோய், முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.