கீழ் அறைக்கு ஒரு டிராஃப்ட்

மருமகளின் அம்மா கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் ஃபிரிஸ்கோவுக்கு வந்து இறங்குவதற்கு முதல் நாளே, என் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். மகன் வீட்டில் கீழே ஒரே ஒரு படுக்கையறைதான். பாத்ரூம் ஒட்டியே இருக்கும். என் முட்டி வலிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனாலும் நான் கீழே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு சம்பந்தியம்மாவை மாடி ஏறச் சொன்னால், அந்தப் பேச்சு கோயம்புத்தூர் வரைக்கும் போகும். போய்த் திரும்பியும் வரும்.

வந்தவர் அந்த அறையை எட்டிப் பார்த்தார்.

"அய்யோ, இது உங்க ரூமுங்க சம்மந்தியம்மா. எனக்கு மாடியே போதுமுங்க."

சொல்லிக்கொண்டே பெட்டியை என் மகனிடம் கொடுத்து மேலே ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் மாடியில், எதிரெதிர் அறைகளில். கீழே மெத்தை விரித்தபடி ஓர் அறை சும்மா கிடந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். அவருக்கும் முட்டி வலி. படி இறங்கும்போது கைப்பிடியை எப்படி இறுக்கிப் பிடிக்கிறார் என்று பார்த்துவிட்டேன். இவ்வளவு வலியோடு மாடி எதற்கு? பின்னால் சொல்லிக்காட்டுவதற்கா?

மகன்தான் விளையாட்டாக ஒரு வழி சொன்னான். அவனுக்குப் பாஸ்கெட்பால் என்றால் உயிர். கார் இல்லாமல் தெருமுனைகூடப் போக முடியாத ஊரில், அவனோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கியபடி பார்த்துப் பார்த்து எனக்கும் அது பழகிவிட்டது. ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு கோடையில் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். புதுப் பையன்களை ஒவ்வொரு அணியும் தன் முறை வரும்போது ஒருவராக எடுத்துக்கொள்ளும்.

"நம்ம டீம் யாரை எடுக்கும்னு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. யார் சொன்னது நடக்குதோ அவங்களுக்குக் கீழ் ரூம். அப்புறம் நோ ஆர்க்யூமென்ட்" என்றான்.

"ஜெயிச்சவங்க மாட்டேன்னு சொன்னா?" என்று கேட்டாள் மருமகள்.

"அப்ப நான் போய் அங்க படுத்துக்கறேன்."

"தாராளமா போ. குறட்டை இல்லாம நானாவது தூங்குவேன்."

எங்கள் அணியின் நெட்டையன் காலில் அடிபட்டு உட்கார்ந்திருந்தான். அதனால் இந்த முறை ஒரு நெட்டைப் பையனைத்தான் எடுப்பார்கள் என்று டிவியில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். குட்டையாக, வேகமாக ஓடுகிற இன்னொரு பையன் பெயரும் அடிபட்டது. ஆனால் அவனைப் போன்றவர்கள் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள். நான் குட்டையன் பெயரைச் சொல்லித் தோற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். தோற்றால் அறை அவருக்கு. மரியாதையும் கெடாது.

ஆனால் வாய்ப் பழக்கம் விடவில்லை. "நீங்க மொதல்ல சொல்லுங்க மதினி" என்றுவிட்டேன்.

அவர் மூச்சு விடாமல் சொன்னார்: "அந்தக் குட்டைப் பையனைத்தானுங்க எடுப்பாங்க. காலேஜ்ல கை வீங்கிப்போயும் ஆடினானாமா."

எனக்குத் திக்கென்றது. பாஸ்கெட்பாலே தெரியாதவருக்குக் கை வீங்கியது எப்படித் தெரிந்தது? காலையில் பின்பக்கம் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு போனில் ஏதோ பார்த்தவர், என்னைக் கண்டதும் சட்டென்று கவிழ்த்து வைத்து, "பஜனைங்க" என்றது ஞாபகம் வந்தது. பஜனை கேட்கிறவர் முகம் அப்படியா இருக்கும்? இவரும் தோற்கத்தான் பார்க்கிறார்.

வேறு வழியில்லாமல் நெட்டையனைச் சொன்னேன். அடுத்த நாள் எங்கள் அணி மேனேஜர் டிவியில் வந்து, எங்களுக்கு உயரமான ஆள்தான் வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவர்மீதும் நம்பிக்கையில்லை.

"அம்மா, அவர் ஏன் பொய் சொல்லப்போறாரு?" என்றான் மகன்.

"பொண்ணு பாக்கப் போற வீட்டுல, எங்களுக்கு இந்தப் பொண்ணை விட்டா கதியில்லன்னு யாராவது முன்னாடியே சொல்லுவாங்களாடா?"

டிராஃப்ட் அன்று நால்வரும் சோபாவில் இருந்தோம். எங்கள் முறை வந்தது. மகன் திடீரென்று தலையில் கை வைத்தான்.

"போச்சு! முறையையே டிரேட் பண்ணிட்டானுங்க!"

எங்கள் அணிக்காரர்கள் தங்கள் முறையை வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, அவர்களிடமிருந்து வயதான, உயரமான ஓர் ஆட்டக்காரரை வாங்கிவிட்டார்களாம். எங்கள் முறை கிடைத்த அணி அந்தக் குட்டையனை எடுத்துக்கொண்டது.

நான் முந்திக்கொண்டேன். "நம்ம முறையில போனது குட்டையன்தான? மதினிதான் ஜெயிச்சாங்க."

"அதெப்படிங்க? நம்ம டீமுக்கு வந்தது நெட்டை ஆளுங்களே! நீங்கதானுங்க ஜெயிச்சீங்க."

"நான் சொன்னது புதுப் பையனை. இந்த ஆளுக்குத் தலை நரைச்சுப்போச்சு."

"நரைச்சா உயரம் கொறைஞ்சுருமாங்க?"

மகன் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை பாதிப் படியில் என் முட்டி பிடித்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்தேன். மேலிருந்து வந்தவரும் நின்று பார்த்துவிட்டு, முனகிக்கொண்டே எனக்கு மேல்படியில் உட்கார்ந்தார்.

"அது பஜனை இல்லதானே மதினி?"

"இல்லீங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆறு மாசத்துல நான் ஊருக்குப் போயிருவனுங்க. உங்க ரூமைப் புடுங்கிப் படுத்துட்டுப் போனா, அப்புறம் எம்பொண்ணுதானுங்க பேச்சு கேக்கோணும்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் அப்படிப் பேசுற ஆளா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? மனசுல இருக்கறதைச் சொல்ல நீங்கதான் வாயே தொறக்க மாட்டீங்களே."

இத்தனை நாளும் நான் அவரைக் கண்காணித்ததாக நினைத்திருந்தேன். என் மௌனத்தை அவர் அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

மத்தியானம் மகனைக் கூப்பிட்டு, இன்னொரு கட்டிலையும் கீழே இறக்கிப் போடச் சொன்னேன். ஒன்று ஜன்னல் பக்கம், ஒன்று பாத்ரூம் பக்கம்.

"நீங்க பாத்ரூம் பக்கம் எடுத்துக்கங்க, எனக்கு எங்க இருந்தாலும்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"சரி மதினி" என்று என் தலையணையைப் பாத்ரூம் பக்கத்துக் கட்டிலில் போட்டேன்.

அவர் தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதானே பாத்தேன்" என்றார்.

என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்கவில்லை. காலை நீட்டிப் படுத்தேன்.