மெத்தென்ற ஸ்பிரிங்

நாமக்கல்லில் போய் ஸ்பிரிங்கை மெத்தென்று ஆக்கித் தரச் சொன்னால் சிரிப்பார்கள். நான் சொன்னேன், சிரித்தார்கள். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர் அது. அங்கே ஸ்பிரிங் என்றால் பாரம் தாங்குவதற்கு மட்டும்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் தாங்கவில்லையா, இன்னொரு பட்டையை ஏற்று. அதுவும் போதவில்லையா, அதற்குமேல் இன்னொன்று. பட்டையை இறக்குவது என்கிற பேச்சை அந்தப் பட்டறைகளில் யாரும் கேட்டதில்லை.

"எத்தன மூட்ட ஏத்துவீங்க?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

"மூட்ட இல்லீங்க. ஒரே ஒரு ஆளு."

"ஆளு என்ன கனமுங்க?"

என் மனைவியின் எடையை ஒரு லாரிப் பட்டறையில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாத்து செய்யுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் பார்த்துத்தான் செய்தார். இரண்டு பட்டைகளைக் கூடுதலாக ஏற்றி, சம்மட்டியால் ஒரு தட்டு தட்டி, "இனி ஆன மேல ஏறுனாலும் அசையாதுங்க" என்று அனுப்பி வைத்தார். அசையத்தான் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் மலை ஏறி வீடு வந்து சேர்வதற்குள் என் பல்லெல்லாம் ஆடிவிட்டது.

நான் அடிவாரத்துக்காரன். தொண்ணூற்றேழில் பங்கு பிரித்தபோது, அண்ணன் தம்பிகளோடு வரப்புச் சண்டை போடப் பொறுமையில்லாமல், என் பங்கை விற்றுவிட்டுக் கொல்லிமலை ஏறினேன். தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் மிளகும் காப்பியும் வைத்த ஒரு தோட்டம், அதன் நடுவில் ஓட்டு வீடு. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் கல்லுப் பாதை. பஸ் தார் ரோட்டோடு சரி. அதனால் ஒரு பழைய ஜீப்பும் வாங்கினேன். அது என்னைவிட வயதில் மூத்தது, பிடிவாதத்திலும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் மனைவியும், வெளியில் ஜீப்பும்.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில் அது நடந்தது. பாதையின் குறுக்கே ஒரு ஓடை வரும். அந்த இறக்கத்தில் பின்பக்க ஸ்பிரிங்கின் பெரிய பட்டை முறிந்து, வண்டி ஒரு பக்கமாகத் தொப்பென்று உட்கார்ந்தது. பின்னால் இரும்புப் பெஞ்சில் இருந்தவள் மேலே தூக்கிப் போடப்பட்டு அதன்மேலேயே விழுந்தாள். கத்தவில்லை. "ஏனுங்க, என்னால எந்திரிக்க முடியல" என்றாள், ஏதோ தப்பு செய்துவிட்டவள் மாதிரி.

முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியிருப்பதாக டாக்டர் சொன்னார். இடுப்புக்கு பெல்ட், தரையில் படுக்கை, குலுங்கவே கூடாது, கல்லுப் பாதைப் பக்கமே போகக் கூடாது. அடிவாரத்தில் இருந்த அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். "வண்டிய செரி பண்ணிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "செரிங்க" என்றாள். எனக்கு அப்போது மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் முதுகு அலுங்காமல் அந்த மூன்று கிலோமீட்டரைக் கடக்க வேண்டும். கடந்துவிட்டால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஜீப்பைக் கல் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பு பூசினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கோடாகத் தெரியும். தெரிந்தது. ஸ்பிரிங்கைத் தாங்குகிற கொக்கி சேசிஸோடு சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். எப்போதோ யாரோ அரைகுறையாக வெல்டிங் வைத்து, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். வண்டியை விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க ஒருவருமில்லை. ஆள் இல்லாத இடத்தில் திட்டுவது போன்ற சப்பென்ற வேலை வேறு கிடையாது.

விரிசலுக்கு உள்ளே தகடு வைத்து வெல்டிங் செய்யத்தான் நாமக்கல் போனேன். சேசிஸ் வேலை சுத்தமாக இருந்தது, குறை சொல்ல முடியாது. ஸ்பிரிங்தான் நான் சொன்ன கதி ஆயிற்று. திரும்பிப் போய் விவரத்தைச் சொன்னேன். பட்டறைக்காரர் சிரிப்பதை நிறுத்தினார். "ஊட்டுக்காரம்மாவுக்குங்களா. எனக்கு ஏத்தித்தானுங்க பழக்கம். எறக்கறத நீங்களேதான் பாத்துக்கோணும்" என்றார்.

அப்படித்தான் நான் மெக்கானிக் ஆனேன்.

ஒவ்வொரு பட்டையாகக் கழற்றினேன். கழற்றினால் மெத்தென்று ஆகும் என்பது என் கணக்கு. ஆயிற்று, ஓடை வரைக்கும். ஓடையில் இறங்கியதும் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி அச்சு போய்ச் சேசிஸில் இடித்தது. குலுக்கலைவிட இடி மோசம். கழற்றியதில் ஒன்றைத் திரும்ப ஏற்றினேன். நடுவில் ரப்பர் கட்டை வைத்தேன். ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிய நீளமான, மெல்லிய பட்டைகளைப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து, அதற்கேற்ப கொக்கியின் இடத்தையே மாற்றினேன். பட்டைகளுக்கு இடையில் கிரீஸ், கீல்களில் பித்தளை வளையத்துக்குப் பதில் ரப்பர் புஷ், நாலு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர். துருப்பிடித்துக் கிடந்த முன் சீட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, தேங்காய் நார் அடைத்த சீட்டு ஒன்றை அங்கே வைத்தேன்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் உடம்பை நம்ப முடியாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனுக்குப் பாதிக் குலுக்கல்தான் தெரியும். கீழே எங்கள் பக்கம் முட்டைக்கா பஞ்சம், திரும்பின இடமெல்லாம் கோழிப்பண்ணை. ஒரு அட்டை முட்டை வாங்கி வந்து, அவள் உட்கார வேண்டிய சீட்டில் வைத்து, தார் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் ஓட்டினேன். முதல் நாள் பாதிக்கு மேல் உடைந்து சீட்டெல்லாம் கொழகொழவென்று ஓடியது. உடைந்ததைத் தின்றேன். அடுத்த வாரமும் தின்றேன். பக்கத்துக் காட்டில் மரவள்ளியும் சாமையும் போட்டிருந்தவர் ஒருநாள் வேலியருகே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, முட்ட வியாவாரமுங்களா?"

"இல்லீங்க. வண்டிய சோதன பண்றேன்."

"வண்டிக்கு முட்ட வெக்கறீங்களா" என்று சொல்லிவிட்டு, உடைந்ததில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரம் நான் மனிதரோடு பேசியது அவ்வளவுதான்.

தனிமை என்னை வாட்டியது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அரை டம்ளர் அரிசிக்குச் சோறு வடிப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் தெரிந்தது. மலையில் மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்தபடி "எங்கடா போச்சு அந்த ஸ்பேனர்" என்றால், குரல் கரகரத்து வேறு யாரோ பேசுவது போல இருக்கும். கொஞ்ச காலத்தில் ஜீப்போடு பேச ஆரம்பித்தேன். கோபப்பட்டேன், சமாதானம் சொன்னேன். அது கேட்டுக்கொண்டு நின்றது. பதில் சொல்லாது என்பதைத் தவிர அதனிடம் குறையில்லை.

வாரம் ஒருமுறை தார் ரோட்டுக்கு நடந்துபோய், எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்கு போன் செய்வேன். அவர்கள் போய்க் கூப்பிட்டு வருவார்கள்.

"முதுகு எப்படியிருக்குது?"

"பரவால்லீங்க. வண்டி?"

"ஆயிட்டிருக்குது."

"நிதானமா செய்யுங்க. அவசரமில்ல."

அவள் எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடப்பேன். எப்போதாவது நேரில் போனால் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பாள். நான் புஷ், பட்டை, கிரீஸ் என்று பேசிக்கொண்டே இருப்பேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். தெருவில் போகிறவர்கள் வாசலில் நின்று அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். எனக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம்.

இப்படியே இரண்டு வருடம் ஓடிற்று. நடுவில் மழை, மிளகுப் பறிப்பு, ஒரு முறை எனக்குக் காய்ச்சல். ஒரு மார்கழிக் காலையில் அட்டையிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பார்த்தேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தை பிறந்ததும் நானே ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

அவள் பழைய மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினாள். கையில் பை எதுவும் இல்லை. துணிமணி மெதுவாக வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வளைவுகளில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். தார் ரோடு முடிந்து கல்லுப் பாதையில் இறங்கியதும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள். ஓடை வந்தது. வண்டி மெல்ல அமுங்கி, மெல்ல எழுந்து, அக்கரை ஏறியது. நான் பெருமையோடு திரும்பி அவளைப் பார்த்தேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன்.

"வலி போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

"எந்த வலி?" என்று கேட்டேன். உண்மையிலேயே புரியவில்லை.

"முதுகு வலிதானுங்க. முந்தின வருச மாரியாயி பண்டிகைக்கு முன்னாடியே போயிருச்சு. தண்ணிக் கொடம் தூக்கறேன். பஸ்ஸுல பழனிக்குக்கூடப் போயிட்டு வந்தேன்."

"நீ சொல்லவேயில்லையே."

"சொன்னா வரச் சொல்லுவீங்கல்ல."

அவள் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள். "இங்க நீங்க காட்டுக்குப் போயிட்டா எனக்கு ஆருமில்லீங்க. செவுத்துகிட்டப் பேசிட்டிருந்தேன். அடுப்புகிட்டப் பேசுனேன். பைத்தியம் புடிச்சிருமோன்னு பயமா இருந்துச்சு. அங்க போனதுக்கப்பறம்தான் நல்லாத் தூங்கறேன்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சுவரோடு யாராவது பேசுவார்களா என்று கேட்டிருப்பேன். இப்போது நானே ஜீப்போடு பேசுகிறவன். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை என்பது எனக்குத் தெரியும்.

"அப்பறம் எதுக்கு வண்டியில ஏறுன?"

"ரெண்டு வருசமா எனக்குன்னு செஞ்சிருக்கீங்க. ஒருக்கா உக்கோந்து வரோணும்னு தோணுச்சுங்க."

வீட்டுக்குப் போனோம். கூட்டிப் பெருக்கினாள், காப்பி போட்டாள். வாசலில் நின்று இருவரும் குடித்தோம். பிறகு, "எங்க, அந்தப் பட்டையெல்லாம் காட்டுங்க" என்றாள். காட்டினேன். சேலையைச் செருகிக்கொண்டு வண்டியருகே குந்தி, தலையைச் சாய்த்து, அடியில் எட்டிப் பார்த்தாள். எத்தனை சுலபமாகக் குனிந்தாள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வெல்டிங்கை விரலால் தடவினாள். "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

"நீங்க கீழ வந்தரலாமுங்க" என்றாள் எழுந்துகொண்டே.

நான் கொடிகளைப் பார்த்தேன். அந்த வருடம் நல்ல காய்ப்பு. "மொளகு கெடக்குதே" என்றேன்.

"அதானுங்க" என்றாள்.

சாயங்கால பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொன்னாள். கீழே வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்றதற்கு, இருட்டில் நான் தனியாகத் திரும்பி ஏற வேண்டியிருக்கும், வேண்டாம் என்றாள். தார் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ஓடையைத் தாண்டினோம், அதற்கப்புறமுள்ள பாறை மேட்டையும் தாண்டினோம். அந்த மூன்று கிலோமீட்டரில் வண்டி ஒரு இடத்திலும் குலுங்கவில்லை. குலுங்கியிருந்தால் அவள் தோள் ஒரு தடவையாவது என்மேல் பட்டிருக்கும்.